தாங்குபவரின் வலப்பக்கம்

2025 ஏப்ரல் 29, செவ்வாய். டோர்ட்மண்ட்

இன்று லுர்தெஸிடம் நான் சொல்லாதது: அவர் அந்தப் பழைய கொடியை மேசையில் விரித்தபோது எனக்கு ஒரு கணம் மூச்சு எடுக்க மறந்துபோனது.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். பதிலாக, "என்ன அளவு? பூத்தையல் ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா?" என்று கேட்டேன். கொடிப் பட்டறையில் மூன்று வருடமாக வரைபடம் போடுகிறவள் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும்.

லுர்தெஸுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. போர்த்துக்கலில் சாந்தா இரியா டு மார் என்ற கடற்கரை ஊரிலிருந்து பன்னிரண்டு வயதில் இங்கே வந்தவர். அந்த ஊர்ச் சனத்துக்கு இந்த நகரத்தில் ஒரு சங்கம் இருக்கிறது. ஒவ்வொரு ஜூன் 29ஆம் தேதியும், மீனவர்களின் புனிதரான பேதுருவின் திருநாளில், ஊர்க்கொடியைப் பிடித்துக்கொண்டு தேவாலயத்திலிருந்து சங்க மண்டபம் வரை தெருவில் நடப்பார்கள். நாற்பத்தெட்டு வருடமாகக் கொடி பிடித்தது ஆண்கள். கடைசி இருபத்தொரு வருடம் அல்வாரு என்ற ஒரே ஆள். இப்போது அவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. சங்கத்தில் வாக்கெடுப்பு வைத்தார்களாம். பதினேழுக்குப் பதினைந்து. இந்த வருடம் லுர்தெஸ் பிடிக்கிறார்.

"அந்தப் பதினைஞ்சு பேரும் நான் எப்ப தடக்கி விழுவன் எண்டு பாத்துக்கொண்டு நிப்பினம். ஊர் நகரசபையில இருந்து துணை மேயரும் வாறார். கொடியில ஒரு நூல் பிசகினாலும் பேச்சு எனக்குத்தான். விளங்குதோ?"

(அவர் பேசியது ஜெர்மன். என் காதுக்குள் அது எங்கள் வீட்டுத் தமிழாகத்தான் வந்து விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.)

பழைய கொடி அச்சுத் துணி. வெயிலில் நிறம் போய்விட்டது. ஆனாலும் எல்லாம் இருந்தது. மஞ்சளும் நீலமும் மாறி மாறி நான்கு கட்டம். நடுவில் நீலக் கேடயம். அதில் பொன் படகு, வெள்ளிப் பாய், பாய்க்கு மேலே ஒரு நட்சத்திரம், கீழே வெள்ளியும் பச்சையுமாக அலை. கேடயத்தின் தலையில் நான்கு கோபுரங்களோடு ஒரு வெள்ளி மதில். அடியில் ஊர்ப்பெயர் எழுதிய வெள்ளை நாடா.

ஓர் ஊர் தன்னை இவ்வளவு சின்ன இடத்துக்குள் மடித்து வைக்க முடியுமா?

ஏப்ரல் 30

ஊர்ச் சின்னத்தைப் பற்றி அந்த ஊர் நகரசபை அனுப்பிய தாளில் படமே இல்லை. ஒரு வசனம் மட்டும்.

போர்த்துக்கீச அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தேன். 'நீலம், அதில் பொன் படகு, வெள்ளியால் பாய் விரித்து, வெள்ளியும் பச்சையுமான அலைகளின் மேல்...' இப்படிப் போகிறது. முதலில் வெறும் நிலத்தின் நிறம். பிறகு அதன்மேல் நிற்பது. பிறகு அதற்கு மேலும் கீழும். உலகத்தைப் படைத்த வரிசை மாதிரி.

சட்டப்படி சின்னம் என்பது இந்த வசனம்தானாம். படம் இல்லை. உலகத்திலுள்ள எல்லாப் பிரதிகளும் எரிந்துபோனாலும், யாராவது ஒருவர் இந்த வசனத்தை வாசித்துத் திரும்பவும் வரையலாம். அவருடைய படகு என்னுடைய படகு மாதிரி இருக்காது. ஆனாலும் அதே சின்னம்தான்.

டிராமில் திரும்பத் திரும்ப இதையே யோசித்துக்கொண்டு ஒரு தரிப்பிடம் தாண்டிப் போய்விட்டேன்.

மே 3, சனி

நூலகத்தில் நாள் முழுக்கச் சின்னவியல், கேடயச் சின்னங்களின் விதிகள். இரண்டு விஷயம் என்னை விடமாட்டேன் என்கிறது.

ஒன்று: பொன்மேல் வெள்ளி வைக்கக் கூடாது, நிறத்தின்மேல் நிறம் வைக்கக் கூடாது. அழகுக்காக வந்த விதி இல்லை. தூரத்திலிருந்து, தூசிக்குள்ளால், பனிக்குள்ளால் பார்க்கிறவனுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக. எண்ணூறு வருடத்துக்கு முன் யாரோ கண்ணைச் சுருக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தது. எங்கள் நெடுஞ்சாலைப் பலகைகளில்கூட அதே விதி ஓடுகிறது. யாரும் கவனிப்பதில்லை.

இரண்டு: சின்னத்தில் 'வலம்' என்றால் பார்க்கிறவரின் வலம் இல்லை. கேடயத்துக்குப் பின்னால் நின்று அதைத் தாங்குகிறவரின் வலம். எனக்கு இடதாகத் தெரிவது அவருக்கு வலது. ஆக, இந்த வசனங்கள் எல்லாம் பார்வையாளருக்காக எழுதப்பட்டவையே இல்லை. தாங்குபவரின் பக்கத்தில் நின்று எழுதப்பட்டவை.

வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். மேலே வாசிக்க மனம் வரவில்லை. நிறைந்துபோயிருந்தது.

மே 5

எங்கள் பட்டறையில் பூத்தையல் இயந்திரத்தை ஓட்டுவது மல்லிகா அக்கா. என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், யாழ்ப்பாணம், நாக்கு ஊசியைவிடக் கூர். என் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னடி இது, படகு?"

"போர்த்துக்கல் ஊர் ஒண்டின்ர கொடி அக்கா."

"எங்கட கோட்டையைக் கட்டின ஆக்களுக்கே கொடி தைக்கிறாய்?"

"அது நானூறு வருசத்துக்கு முந்தி."

"அதுக்கென்ன? வந்தவை சொல்லிப்போட்டே வந்தவை?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மைதான். இப்படி ஒரு கேடயம் பாயில் வரைந்திருக்க, கரையில் நின்ற யாரோ ஒருத்தி அதைக் கண்டிருப்பாள். என்ன அழகு என்று நினைத்திருப்பாளா, ஓடியிருப்பாளா? இரண்டும் செய்திருக்கலாம். அழகைப் பார்த்துக்கொண்டே ஓடலாம்.

மே 9

பின்பக்கத்தின் வரைபடம் முடிந்தது.

இரண்டு பக்கப் பூத்தையல் என்றால் இரண்டு தனித் துணி. தனித்தனியாகத் தைத்து, பிறகு முதுகோடு முதுகு சேர்ப்பது. லுர்தெஸ் பாரம் குறைவாக இருக்க வேண்டும் என்று கேட்டதால் நடுவில் வைக்கும் தடித்த துணியை விட்டுவிடுகிறோம்.

பின்பக்கத்தில் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் விடும் பிழை ஒன்று உண்டு. படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிவிடுவார்கள். நாடாவில் உள்ள எழுத்தும் இடம் வலமாகத் திரும்பிவிடும். நான் அந்தப் பிழையை விடவில்லை. எழுத்தைக் கவனமாகக் காப்பாற்றினேன். பெருமையாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, இந்தக் கொப்பியிடம் மட்டும்.

மே 15

ஃப்ரைகாபே நாள். வரைபடத்தைப் பார்த்து 'இப்படியே தையுங்கள்' என்று வாடிக்கையாளர் கையெழுத்திடும் தாள். அதற்குப் பிறகு பிழை இருந்தால் அது அவருடையது. பட்டறையின் மதில் அந்தத் தாள்தான்.

லுர்தெஸ் வேலை முடிந்து நேரே வந்திருந்தார். சவர்க்கார வாசம். முன்பக்கத் தாளைக் கண்ணாடி போட்டு, கழற்றி, திரும்பப் போட்டுப் பார்த்தார். கோபுரங்களை எண்ணினார். "நாலு. சரி. நகரமெண்டா அஞ்சு வரும். நாங்கள் இன்னும் பட்டணம்தான், நாலுதான்" என்றார், ஒரு கோபுரம் குறைந்ததில் பெருமைப்படுகிறவர் மாதிரி. பின்பக்கத் தாளைப் பார்த்தார். "இது பின்பக்கமோ? நீ செய்தா சரியாத்தான் இருக்கும்." கையெழுத்துப் போட்டார்.

மே 16

நீ செய்தால் சரியாக இருக்கும். இதை என்னிடம் கடைசியாக யார் சொன்னது?

ஜூன் 3, செவ்வாய்

இயந்திரம் இன்று பின்பக்கத்தைத் தைத்தது. வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீலச் சாட்டின் துணியில் முதலில் ஒன்றுமே இல்லை. ஊசி ஒரு மூலையில் இறங்கிக் கொத்தத் தொடங்குகிறது, அர்த்தமில்லாத கோடுகள். அலை. பிறகு திடீரென்று, எந்தத் தையலில் என்று சொல்ல முடியாது, அது படகாகிவிட்டது. அதற்கு முந்திய தையல் வரை நூல். அடுத்த தையலில் படகு.

ஒரு வசனம், என் கை, ஒரு ஊசி. கடலே பார்க்காத ஒரு அறைக்குள் படகு வந்து சேர்ந்துவிட்டது.

"வாய்க்குள்ள இலையான் போகப்போகுது" என்றார் மல்லிகா அக்கா.

ஜூன் 5, வியாழன்

இன்று நான் சொல்லாதது: படகு தவறான பக்கம் பார்க்கிறது.

இரண்டு துணியையும் சேர்த்துத் தைத்து, கம்பத்தில் ஏற்றி, சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். முன்பக்கம் பார்த்தேன். கம்பம் இடப்புறம்; படகின் முகம் இடப்புறம், கம்பத்தை நோக்கி. சுற்றிப் போனேன். பின்பக்கம் கம்பம் வலப்புறம். படகின் முகம் இன்னும் இடப்புறம். கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது.

பட்டறையின் முதல் விதி. சேர்ந்த அன்றைக்கே உரிமையாளர் பிரிங்க்மன் அம்மா சொல்லித் தந்தது. ஓடுவது, பறப்பது, நீந்துவது எதுவானாலும் இரண்டு பக்கமும் கம்பத்தைப் பார்க்க வேண்டும். கம்பத்துக்குப் புறங்காட்டினால் தோற்று ஓடுகிறது என்று அர்த்தம். சிங்கமானாலும் படகானாலும்.

எழுத்தைக் காப்பாற்றுவதற்காக முழுப் படத்தையும் திருப்பாமல் விட்டேன். படகைத் தனியாகத் திருப்ப மறந்துபோனேன். அவ்வளவுதான். ஒரு சொடுக்கு. ஒரு விசை.

தாங்குபவரின் வலம், தாங்குபவரின் வலம் என்று மாய்ந்துபோய் எழுதினேனே! பார்க்கிறவளாகவே நின்றுவிட்டேன்.

பிரிங்க்மன் அம்மா கொடியைத் தடவி, "நிருஷா, இந்த வருடத்தின் மிக நல்ல வேலை" என்றார்.

நன்றி என்றேன்.

ஜூன் 6

"கண்டிட்டாய், என்ன?" மல்லிகா அக்கா தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"உங்களுக்கும் தெரியுமோ?"

"நேற்று நீ கொடிக்குப் பின்னால பேயறைஞ்ச மாதிரி நிண்டாய். போய்ப் பாத்தனான். படகு ஓடுது."

"என்ன செய்யிற அக்கா?"

"அவ ஃப்ரைகாபே போட்டவவோ இல்லையோ?"

"போட்டவ."

"பிறகென்ன? இனி அது அவவின்ர படகு."

"பிழை என்ர."

"ஆர் இல்லையெண்டது? பிழை உன்ர, கையெழுத்து அவவின்ர. தெருவில நிக்கிற சனம் படகு எந்தப் பக்கம் போகுதெண்டே பாக்கும்? பியர் எந்தப் பக்கம் குடுக்கினம் எண்டு பாக்கும். வாயை மூடிக்கொண்டு இரு பிள்ளை."

வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

கம்பத்தின் உயரம் பார்க்க என்று ஒரு பொய்க் காரணம் சொல்லிச் சங்க மண்டபத்துக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனேன்.

முற்றத்தில் லுர்தெஸ் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நீளமான தடி, அதில் கட்டிலுக்கு விரிக்கும் வெள்ளைத் துணி. இடுப்பில் தோல்வார். முன்னால் பத்தடி, திரும்பிப் பத்தடி. முகத்தில் வியர்வை. கதிரையில் ஊன்றுகோலோடு ஒருவர். கேட்காமலே தெரிந்தது, அல்வாரு. என்னைக் கண்டதும் ஜெர்மனுக்கு மாறினார்கள்.

"காத்துக்கு முகத்தைக் குடு பெட்டை! இல்லாட்டி காத்து உன்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும்!"

"தூக்கட்டும். ரிக்கெட் செலவில்லாம ஊருக்குப் போவன்."

"எங்கட அப்பா சொல்லுறவர், பொம்பிளை கொடி பிடிச்சா படகு கரையை விட்டு ஓடிடும் எண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். லுர்தெஸும் சிரித்தார். நான் தடியின் உயரத்தை அளக்கப் போனேன்.

அவர் எனக்குக் கேக் வெட்டித் தந்தார். தெருவின் வலப்பக்கம் நிற்கிறவர்களுக்குப் பின்பக்கம்தான் தெரியும், துணை மேயருக்கு வலப்பக்கம்தான் மேடை போடுகிறோம் என்றார். கேக்கைச் சாப்பிட்டேன். எலுமிச்சை போட்டது. நன்றாக இருந்தது. கம்பம் சரியான உயரம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் என்ன பிறவி?

ஜூன் 12, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் பிரிங்க்மன் அம்மாவிடம். அவர் கொடியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "புது நீலச் சாட்டின் வர இரண்டு கிழமை. போன வியாழன் சொல்லியிருந்தால் வந்திருக்கும்" என்றார்.  திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பின்னேரம் லுர்தெஸ் வந்தார். அவரைக் கொடியின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவருக்கு விளங்க அரை நிமிடம் எடுத்தது. அந்த அரை நிமிடத்தை நான் மறக்கப்போவதில்லை.

"இண்டைக்கோ கண்டனீ?"

"இல்லை. போன வியாழன்."

விரல் மடித்து எண்ணினார். "செவ்வாய்க்கிழமை மண்டபத்துக்கு வந்தனீ. நான் தடியோட நடந்ததைப் பாத்தனீ. கேக் சாப்பிட்டனீ."

"ஓம்."

"அப்பவும் தெரியும்."

"ஓம்."

"பிழை விடாத ஆள் இல்லை. நான் ஒருக்கா டொக்டர்மாரின்ர வெள்ளைக் கோட் நாப்பதை ரோசா நிறமாக்கினனான். நாப்பது! ஆனா அண்டைக்கே மேல போய்ச் சொன்னனான். ரோசா நிறத்தில ஒரு டொக்டர் கூட அறுவைக்குப் போகேல்லை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும்.

"ஒரு கிழமை" என்றார் திரும்பவும். கையெழுத்துத் தாளைப் பற்றி அவரும் பேசவில்லை, பிரிங்க்மன் அம்மாவும் பேசவில்லை. கடைசியில் பிரிங்க்மன் அம்மாதான் சொன்னார்: துணி இல்லை. ஆனால் தையலைப் பிரிக்கலாம். படகும் பாயும் மட்டும். நாற்பத்தோராயிரம் தையல். பட்டறைத் திறப்பைத் தருகிறேன், விடுமுறை நாளிலும் கதவைத் திறந்துகொள்ளலாம். இருபத்துமூன்றாம் தேதி இயந்திரம் சும்மா இருக்கும்.

"ஆர் பிரிக்கிறது?" லுர்தெஸ் கேட்டார்.

"நான்."

ஜூன் 14, சனி

கொடியின் ஓரத் தையலைப் பிரித்துப் பின்பக்கத் துணியைத் தனியாக எடுத்தேன். அதன் மறுபக்கத்திலிருந்து சின்னக் கத்தியால் நூலை அறுத்து, முன்புறத்திலிருந்து சாமணத்தால் இழுக்க வேண்டும். துணியில் கத்தி பட்டால் எல்லாம் முடிந்தது.

பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். லுர்தெஸ். காலை வணக்கம் சொல்லவில்லை. சொந்தச் சாமணம் கொண்டுவந்திருந்தார். எதிரே உட்கார்ந்து பாயின் உச்சியிலிருந்து தொடங்கினார்.

ஒரு மணி நேரம். பாதிப் பாய்.

ஆச்சரியம் என்னவென்றால், பிரிக்கும்போதுதான் எனக்கு அந்தப் படகு முழுதாக விளங்கியது. வரையும்போது வெளிக்கோடு பார்த்தேன். இப்போது ஒவ்வொரு பலகையாக, உள்ளே போன வழியிலேயே வெளியே வருகிறேன். பொன் நூல் மேசையில் குவிந்து கிடந்தது. ஊதினால் பறக்கும். ஒரு படகு முழுவதும் ஒரு கைப்பிடி.

ஜூன் 19, வியாழன். விடுமுறை

இன்று மல்லிகா அக்காவும் வந்துவிட்டார், ஒரு பெட்டி நிறையப் பொரித்த றோல்ஸோடு.

"நான் உனக்கு உதவ வரேல்லை. வீட்டில மனுசன் ரீவியைச் சத்தமா வைக்கிறார், இருக்கேலாது."

எண்ணெய்க் கையால் துணியைத் தொடக்கூடாதே என்று லுர்தெஸ் சுற்றிப் பார்த்து, அவசரத்தில் தன் பாஷையிலேயே துடைக்க ஏதோ கேட்டார். மல்லிகா அக்கா நிமிர்ந்தார்.

"என்னடி, இவ எங்கட துவாயைக் கேக்கிறா?"

துவாய் அவர்களிடமிருந்து வந்த சொல் என்று சொன்னேன். மேசை, அலமாரி, சாவி, பாண். அக்கா ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்ட லுர்தெஸ் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். ஜன்னலுக்கு வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோட்டையை எடுத்தவை, துவாயைத் தந்திட்டுப் போயிருக்கினம்" என்றார் அக்கா. நான் அதை ஜெர்மனில் சொன்னேன். லுர்தெஸ் மேசையில் நெற்றி முட்டும் அளவுக்குச் சிரித்தார். என்னைப் பார்த்து அல்ல. ஆனாலும் சிரித்தார்.

ஐந்து மணிக்குக் கடைசி நூல் வந்தது. அலையும் நட்சத்திரமும் அப்படியே நிற்க, நடுவில் ஒன்றுமில்லை. வெறும் நீலம்.

ஜூன் 23

புதிய படகு இறங்கிவிட்டது. முகம் வலப்புறம். ஒருமுறை, இரண்டுமுறை, பத்துமுறை சரிபார்த்தேன். துணிக்குப் பின்னால் போய், கம்பத்தைப் பிடிக்கிறவள் மாதிரி நின்றும் பார்த்தேன்.

ஜூன் 24

ஒன்று மிச்சம். பழைய படகின் மூக்கும் சரிந்த பாயும் இருந்த இடம் புதிய படகுக்கு வெளியே விழுகிறது. அங்கே நூல் இல்லை. ஆனால் ஊசி போன துளைகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில், மயிரிழை அளவில். துணிக்கு ஆவி காட்டினோம். நகத்தால் தேய்த்தோம். சில மூடின. பல மூடவில்லை.

இதை இன்றைக்கே சொன்னேன். லுர்தெஸின் தொலைபேசிக்கு, மதியத்துக்கு முன். "துளைகள் தெரிகின்றன."

பதில் பின்னேரம் வந்தது. "வியாழன் வந்து பாக்கிறன்."

ஜூன் 26, வியாழன்

வந்தார். குனிந்து துளைகளின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சலவைக்காரக் கை, துணி அதனிடம் பொய் சொல்லாது.

"பருத்தியெண்டா ஆவிக்கு மூடியிருக்கும். இது மூடாது."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"கட்டித் தா. கொண்டு போறன்."

மன்னித்தாரா இல்லையா தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

தெருவின் வலப்பக்கம் போய் நின்றேன். வேண்டுமென்றே. மல்லிகா அக்காவும் வந்தார், பியர் எந்தப் பக்கம் என்று பார்க்க.

தேவாலயக் கதவு திறந்தது. முதலில் கம்பத்தின் பொன் முனை, பிறகு மஞ்சள், பிறகு நீலம், பிறகு லுர்தெஸ். கறுப்பு உடுப்பு, வெள்ளைக் கையுறை. படியில் இறங்கும்போது காற்று ஒரு தரம் கொடியைப் பிடித்து இழுத்தது. அவர் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தார். நின்றார். பிறகு நடந்தார். சந்தா வசூலிக்கும் கிழவர்கள், தள்ளுவண்டிப் பிள்ளைகள், எல்லாரும் அவர் பின்னால்.

அப்போதுதான் அது நடந்தது. தெரு வளையும் இடத்தில் சூரியன் கொடிக்குப் பின்னால் வந்தது. நடுத்துணி வைக்காத கொடி. வெளிச்சம் நீலத்துக்குள்ளால் வந்தது. துளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விளக்கு ஏற்றிவிட்ட மாதிரி. பொன் படகு கம்பத்தை நோக்கிப் போக, அதன் பின்னால், எதிர்ப்பக்கம் முகம் வைத்து, வெளிச்சப் புள்ளிகளால் மட்டும் ஆன இன்னொரு படகின் மூக்கும் பாயும். நட்சத்திரங்களைத் தொட்டுத் தொட்டு வரைந்த மாதிரி. அதை நான் வரையவில்லை. யாரும் வரையவில்லை. எந்த வசனத்திலும் அது இல்லை. என் பிழை அவ்வளவு அழகாக இருக்க அதற்கு உரிமை உண்டா என்றுகூடத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து விநாடி இருக்கும். வளைவு தாண்டியதும் போய்விட்டது.

மல்லிகா அக்கா பியரை மறந்து கொடியோடு நாலடி நடந்தார். 

மண்டபத்தில் துணை மேயர் கொடியைப் பார்க்க வந்தார். விதி தெரிந்த மனிதர்; நேரே பின்பக்கத்துக்குப் போய்ப் படகின் முகத்தைத்தான் பார்த்தார். தலையாட்டினார். பிறகு குனிந்து, "இந்தப் புள்ளிகள் என்ன?" என்று கேட்டதாகப் பக்கத்தில் நின்றவர் எனக்கு ஜெர்மனில் சொன்னார்; அடுத்து வந்ததையும் அவரே சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஓட்டை" என்றார் அல்வாரு, ஊன்றுகோலால் காட்டி. "புதுக்கொடி, அதில ஓட்டை!"

"உன்ர முழங்காலைவிட நல்லாத்தான் இருக்குது" என்றார் லுர்தெஸ். பிறகு துணை மேயரிடம் திரும்பி, என்னைக் கை காட்டினார். "தைச்ச பிள்ளை படகைப் பிழையாத் தைச்சிட்டுது. தானே வந்து சொன்னது. எல்லாருமா இருந்து பிரிச்சுத் திருப்பினம். அதின்ர தழும்பு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நிலம் பிளந்து உள்ளே போயிருக்கலாம் போலிருந்தது. பிளக்கவில்லை.

பிறகு அவர் தட்டில் கேக்கோடு வந்தபோது சொன்னேன். ஏப்ரலில் நீங்கள் அந்தப் பழைய கொடியை விரித்தபோது எனக்கு மூச்சு நின்றுபோனது, அன்றைக்குச் சொல்லவில்லை என்று.

லுர்தெஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு மாசம்! உனக்கு ஒரு கிழமையும் காணாது போல." தட்டை என் கையில் வைத்தார். எலுமிச்சை போட்டது.

ஒக்டோபர் 20, திங்கள்

காலையில் ஒரு தீயணைப்புச் சங்கக் கொடி. தலைக்கவசத்தின் பக்கத்தை மாற்றிப் போட்டிருந்தேன். பத்து மணிக்குக் கண்டேன், பத்தேகாலுக்குச் சொன்னேன்.

மதியம் லுர்தெஸ் மேசைவிரிப்பு ஒன்றுக்கு ஓரம் தைக்கத் தர வந்தார். சனிக்கிழமை சங்கத்தின் வருடக் கூட்டமாம். அடுத்த வருடமும் கொடி அவரிடம்தான். முப்பத்தொன்றுக்கு ஒன்று. அந்த ஒன்று தன்னுடையது என்று அல்வாரு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாராம்.